காலடியிற் கிடக்கும் வரலாறு

இலண்டன் மாநகரின் கிழக்குப் புறத்திலே ஸ்பிற்றல்பீல்ட்ஸ் என்றொரு பகுதி உண்டு. அங்கே நடப்பவர் அடிக்கடி தலை குனிந்து நிலத்தைப் பார்த்து நடத்தல் வேண்டும். நடைபாதைக் கற்களுக்கிடையே, சாக்கடை மூடியோ என ஐயுறத்தக்க வட்டவடிவ உலோக வார்ப்புக்கள் ஆங்காங்கே பதிக்கப்பட்டுள்ளன. உற்று நோக்கினால் அவற்றில் உருவங்கள் தெரியும். ஒன்றிலே நெசவாளியின் நாடாவும் நூற்கட்டைகளும், ஒன்றிலே பொத்தான்கள், ஒன்றிலே அப்பிளும் பெயார்ஸும், வேறொன்றிலே தீக்குச்சிகள். சென்ற நூற்றாண்டின் தொண்ணூறுகளிலே கீத் பௌலர் என்னும் கலைஞர் செய்தளித்தவை இவை. எழுத்தோ விளக்கமோ இல்லாதபடியால், அவசரமாகச் செல்வோருக்கு இவை வெறும் அலங்காரம். நின்று கேட்போருக்கோ ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. இந்தத் தெருவிலே ஏன் நாடா? அந்தச் சந்தியிலே ஏன் தீக்குச்சி?

அப்பிளுக்கும் பெயார்ஸுக்கும் விடை எளிது. 1682இல் அரச பட்டயம் பெற்ற மரக்கறி, பழச் சந்தை அங்கே இருந்தது. 1991இல் அது நகருக்கு வெளியே லேற்றனுக்குப் பெயர்ந்தது. ஏனையவற்றின் விடை அவ்வளவு எளிதன்று. அவற்றைத் தேடிச் சென்றால், ஒரு சிறு வட்டாரத்தின் கதை மட்டுமல்லாது, நமது கடற்கரைகளின் கதையும் நமது மலைத் தோட்டங்களின் கதையும் இடையிடையே வந்து குறுக்கிடக் காண்கின்றோம்.

நாடா பதித்த வட்டம் போல்கேட் வீதியில் உள்ளது. 1685ஆம் ஆண்டிலே பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி, புரட்டஸ்தாந்தியருக்கு வழிபாட்டுரிமை அளித்த நான்ற் சாசனத்தை இரத்துச் செய்தான். ஹ்யூகெனோக்கள் எனப்பட்ட அம்மக்கள் ஆயிரக்கணக்கில் நாட்டை விட்டோடினர். அவர்களுட் பட்டு நெய்வோர் பலர் ஸ்பிற்றல்பீல்ட்ஸிலே குடியேறித் தறி நாட்டினர். இன்றும் அப்பகுதியின் பழைய வீடுகளை அண்ணாந்து நோக்கினால், மேல்மாடியிலே தறிக்கு வெளிச்சம் வேண்டி அமைத்த அகன்ற சாளரங்களைக் காணலாம். சில வீடுகளின் வாசலுக்கு மேலே பெரிய மரநூற்கட்டைகள் தொங்குகின்றன. 1985இல், அகதிகள் வந்த முந்நூறாவது ஆண்டு நினைவாக அவை தொங்கவிடப்பட்டன.

அழகான காட்சிதான். ஆயினும் நூற்கட்டை தொங்கும் வீடுகளுட் பெருவீடுகள் முதலாளிமாரும் பட்டு வணிகரும் வாழ்ந்தவை என்பதை மறத்தல் ஆகாது. கூலிக்கு நெய்தவனின் குடியிருப்பு அயலிலுள்ள பெத்னல் கிறீன் பக்கமாய் நெருங்கிக் கிடந்தது. அந்தப் பெருவீடுகள் இன்று மில்லியன் கணக்கான பவுணுக்குக் கைமாறுகின்றன. கூலி நெசவாளியின் குடிலிலே தொங்கவிடுவதற்கு வாசலும் எஞ்சவில்லை.

இந்நெசவாளருடைய கோபம் முதலில் யார்மீது பாய்ந்தது என்பது நமக்குச் சிறப்பாகத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. நமது முன்னோர்மீது பாய்ந்தது என்றே கூறலாம். கிழக்கிந்தியக் கம்பெனி சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுவந்து குவித்த அச்சடித்த பருத்தித் துணி, மலிவும் வண்ணமும் ஒருங்கே உடையதாயிருந்ததால் இலண்டன் பெண்களின் மனத்தைக் கவர்ந்தது. பட்டுத் தறி ஓய்ந்தது. 1700இலேயே இறக்குமதியைத் தடுக்கச் சட்டம் வந்தது, போதவில்லை. 1719இல் நெசவாளர் கூட்டங்கூட்டமாகத் தெருவில் இறங்கி, அச்சுப் பருத்தி உடுத்த பெண்களைத் துரத்தி அவர்தம் ஆடைகளைக் கிழித்தெறிந்தனர். திராவகம் வீசியதும் உண்டு. 1721இல் பாராளுமன்றம் அத்துணியை உடுத்துவதையே தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. மசூலிப்பட்டினத்திலும் சென்னையிலும் தறிக்குழியில் இருந்தவனும், ஸ்பிற்றல்பீல்ட்ஸின் மேல்மாடியில் இருந்தவனும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. இருவருக்கும் நடுவே நின்று இலாபம் கண்டவன் வேறொருவன். பட்டினி கிடந்த நெசவாளியின் கைக்கு எட்டியதோ, வீதியிற் சென்ற பெண்ணின் பாவாடை. இதை நாம் பழி சொல்லுவதற்காக எழுதவில்லை. வறுமையினாற் பிறக்கும் சினம் தானாகவே சரியான இலக்கை அடையும் என எண்ணுவோர் இவ்வாண்டுகளைப் படித்தல் நன்று என்பதற்காகவே எழுதுகின்றோம்.

ஐம்பது ஆண்டுகளில் இலக்கு மாறியது. 1760களிலே கூலி வெட்டை எதிர்த்து நெசவாளர் இரகசியச் சங்கங்களை அமைத்தனர். தறிக்கு இவ்வளவு எனச் சந்தா அறவிட்டனர். விலையைக் குறைத்து நெய்விப்போரின் தறியில் ஏறிய பட்டை இரவோடிரவாக வெட்டினர். லூயி ஷொவே என்னும் முதலாளி சந்தா கொடுக்க மறுத்ததுமன்றித் தன் தொழிலாளர் கொடுப்பதையும் தடுத்தான். அவனும் ஹ்யூகெனோ வழியினனே. 1769 செப்ரெம்பர் 30ஆம் திகதி, சங்கத்தார் கூடியிருந்த மதுச்சாலையைப் படையினர் சுற்றி வளைத்தனர். ஜோன் டொயில், ஜோன் வலைன் என்னும் இருவருக்குப் பட்டு வெட்டிய குற்றத்திற்காக மரண தண்டனை விதிக்கப்பட்டது. முன்னவர் பெயர் அயர்லாந்துப் பெயர். பின்னவருடையது பிரெஞ்சுப் பெயர். வழக்கமாகத் தூக்கிலிடும் ரைபேணிலன்றி, அவர்களுடைய சொந்தத் தெருக்களின் நடுவிலே, பெத்னல் கிறீனிலே, டிசம்பர் 6ஆம் திகதி அவர்களைத் தூக்கிலிட்டனர். ஊர் பார்த்து அஞ்ச வேண்டும் என்பதே நோக்கம். ஊரோ கல்லெறிந்தது. முடிவிலே தூக்குமரத்தைப் பிடுங்கிச் சென்று ஷொவேயின் வீட்டு வாசலில் நட்டு, அவன் சாளரங்களை நொருக்கியது.

ஒரே தேவாலயத்தில் மண்டியிட்டவர்கள், ஒரே மொழி பேசி ஒரே கொடுமைக்குத் தப்பி ஓடி வந்தவர்களின் மக்கள், தூக்குமரத்தின் இருபுறமும் நின்றனர். 'நம்மவர்' என்னும் சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ? நான்கு ஆண்டுகளின் பின், 1773இல், கூலி விகிதத்தை நீதவான்களே நிர்ணயிக்கும் சட்டம் வந்தது. அரசின் கருணையில் அது பிறந்ததென நாம் கருதவில்லை. 1824இல் சுதந்திர வர்த்தகத்தின் பெயரால் அது நீக்கப்பட்டது. 1860இல் பிரான்சுடன் செய்த ஒப்பந்தத்தால் பிரெஞ்சுப் பட்டு தீர்வையின்றி வந்தது. எஞ்சிய தறிகளும் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. நடைபாதையில் நாடா இருக்கின்றது. தூக்குக் கயிறு இல்லை. அலங்காரக் கலைக்கு இயல்பாகவே உள்ள குறை இது. அது தொழிலைக் காட்டும். தொழிலில் இருந்த பகையைக் காட்டக் கூசும்.

தீக்குச்சி வட்டம் ஹான்பரி வீதியிலே, ஹான்பரி மண்டபத்தின் அருகே உள்ளது. 1888 ஜூலையிலே, போ என்னும் இடத்திலிருந்த பிரையன்ற் அன்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர், சிறுமியர் உட்பட ஏறத்தாழ 1,400 பேர், வேலையை விட்டு வெளியேறினர். வெள்ளைப் பொசுபரசின் நச்சாவியால் அவர்களுடைய தாடையெலும்பு அழுகியது. பேசினால் தண்டம், குச்சி கீழே விழுந்தால் தண்டம். அவர்களது நிலையை முந்திய மாதம் தம் ஏட்டிலே அம்பலப்படுத்தியவர் அன்னி பெசன்ற். பின்னாளில் அடையாற்றிலே பிரமஞான சபையின் தலைவியாகி, 1917இல் இந்தியக் காங்கிரசுக்கும் தலைமை வகித்த அதே அம்மையார்தான். நமது நாட்டு வாசகர் அவரை வெண்ணிற ஆடையுடனும் வேதாந்தப் பேச்சுடனும் மட்டுமே அறிவர். கிழக்கிலண்டன் தொழிற்சாலை வாசலிலே துண்டுப் பிரசுரம் கொடுத்தவராக அறிந்தவர் சிலரே.

ஆயினும் இவ்வேலைநிறுத்தத்தைப் பெசன்ற் அம்மையார் 'நடத்தினார்' என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தமை பிழை. எழுதிய கட்டுரை பொய்யென்று கையொப்பமிடுமாறு நிர்வாகம் வற்புறுத்தியது, பெண்கள் மறுத்தனர், ஒருத்தி வேலை நீக்கப்பட்டாள், தாமாகவே வெளியேறினர். அதன் பின்னரே ஏறத்தாழ 200 பேர் நகருக்குள் நடந்து சென்று அம்மையாரைச் சந்தித்தனர். முன்னின்ற பெண்களின் பெயர்களையும் குடும்பங்களையும் தேடி, அவர்களே தலைவியர் என்பதை லூயிஸ் றோ என்னும் வரலாற்றாசிரியை 2009இல் வெளியான தமது நூலில் நிலைநாட்டினார். படித்த ஒருவர் வந்து தட்டியெழுப்பினாலன்றி உழைப்பாளர் எழார் என்னும் எண்ணம், இடதுசாரிகளாகிய நம்மிடமும் இல்லையென்று சொல்லிவிட முடியாது. மூன்று வாரம் கழியுமுன்னரே பெண்கள் வென்றனர்; தண்டம் ஒழிந்தது; சங்கம் பிறந்தது. நச்சுப் பொசுபரசைத் தடைசெய்யும் சட்டத்திற்கு மட்டும் 1908 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் 1910இலேயே நடைமுறைக்கு வந்தது.

அதே ஹான்பரி வீதியிலே மாலை வேளைகளில் ஒரு கூட்டம் வழிகாட்டியின் பின்னால் நடப்பதைக் காணலாம். அவர்கள் தீக்குச்சியைப் பார்க்க வந்தவர்கள் அல்லர். அத்தெருவின் 29ஆம் இலக்க வீட்டின் பின்வளவிலே, வேலைநிறுத்தம் வென்று இரண்டு மாதம் நிறையுமுன், 1888 செப்ரெம்பர் 8ஆம் திகதி, அன்னி சப்மன் என்னும் ஏழைப் பெண் கொலையுண்டாள். கொலைகாரனுக்கு உலகம் பட்டப்பெயர் சூட்டி வழிபாடு நடத்துகின்றது. எழுந்து நின்று வென்ற 1,400 பெண்களைவிட, வெட்டுண்டு கிடந்த சில பெண்களே சந்தையில் விலைபோகின்றனர்.

அடுத்த ஆண்டு, 1889 ஓகஸ்ற்றிலே, துறைமுகத் தொழிலாளர் எழுந்தனர். மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டு ஐந்து வாரம் போராடி வென்றனர். அவர்களின் தலைவர்களுள் ஒருவரான பென் ரிலற் முதலில் அமைத்த சங்கத்தின் பெயர் யாது? தேயிலைத் தொழிலாளர், பொதுத் தொழிலாளர் சங்கம். பண்டசாலைகளிலே தேயிலைப் பெட்டியைச் சுமந்து உடைத்து நிறுத்தவர்களின் சங்கம் அது. 1867இல் லூல்கந்துரவில் நட்ட செடியிலிருந்து 1873இல் 23 இறாத்தல் இலங்கைத் தேயிலை இலண்டன் சென்றது. கோப்பியை நோய் தின்ற பின் எண்பதுகளிலே அது வெள்ளம்போற் பெருகியது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கண்டிச் சீமைக்கு நடந்து வந்த நம்மவர் கிள்ளிய கொழுந்தை, மறுகரையிலே ஆறு பென்ஸுக்குப் போராடியவன் தோளில் ஏற்றினான். நாம் கண்ட வட்டங்களுள் தேயிலைக் கொழுந்து இல்லை. இருந்திருப்பின் நன்றாயிருந்திருக்கும்.

பொத்தான் வட்டம் நம்மை யூதரிடம் கொண்டு செல்கின்றது. 1881இல் ருஷ்ய மன்னன் கொலையுண்ட பின் கட்டவிழ்த்து விடப்பட்ட இன வன்செயல்களுக்குத் தப்பி, ஹ்யூகெனோக்கள் விட்டுச் சென்ற அதே தெருக்களுக்கு அவர்கள் வந்தனர். பிறிக் லேன் மூலையிலுள்ள செங்கற் கட்டடம் ஒன்று இதனை முழுவதும் தன் சுவரிலேயே எழுதி வைத்திருக்கின்றது. 1743இல் ஹ்யூகெனோ ஆலயமாக எழுந்தது. மேலே அந்த ஆண்டைக் காட்டும் நிழற் கடிகாரம் இன்றும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெதடிஸ்த ஆலயமாயிற்று. அந்நூற்றாண்டின் இறுதியில் யூத தொழுகையில்லமாயிற்று. 1976இல் வங்காளியரின் பள்ளிவாசலாயிற்று. சுவர் மாறவில்லை, சாளரம் மாறவில்லை. உள்ளே வேண்டியவர்கள் மட்டும் மாறினர். நான்கு கூட்டத்தாரும் அவ்வத் தெருக்களிலே ஊசியும் நூலும் தறியுமாகவே வாழ்ந்தனர் என்பது பெரும்பாலும் உண்மை.

துறைமுகத்தார் போராடிய அதே 1889இல் ஏறத்தாழ 10,000 யூதத் தையல் தொழிலாளர் வேலை நேரத்தைக் குறைக்கக் கோரி நிறுத்தஞ் செய்தனர். துறைமுகத்தாரின் போராட்டக் குழு தன் நிதியிலிருந்து அவர்களுக்கு 100 பவுண் கொடுத்தது. துறைமுகத்தாரோ பெரும்பாலும் ஐரிஷ் கத்தோலிக்கர். யூதரைக் கண்டால் முகஞ் சுளித்தவர்களும் அவர்களுள் உண்டு. 1912இல் இக்கடன் திரும்பியது. அவ்வாண்டு தையற்காரர் வென்றனர். துறைமுகத்தாரோ பட்டினியில் வாடித் தோற்றுக்கொண்டிருந்தனர். யூதர் அல்லாதவராயிருந்தும் இத்திஷ் மொழி கற்று யூதத் தொழிலாளரிடையே வாழ்ந்த ஜேர்மானியரான றுடொல்ப் றொக்கரின் தூண்டுதலால், யூதக் குடும்பங்கள் துறைமுகத்தாரின் முந்நூறுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தம் வீடுகளுக்கு அழைத்துச் சென்று உணவூட்டி உடுப்பித்தன. அப்பிள்ளைகளுக்கு அப்போது ஏழெட்டு வயதாயின், 1936இல் முப்பது வயதைக் கடந்திருப்பர். இந்தக் கணக்கை மனத்திற் கொண்டே நாம் தெற்கு நோக்கிக் கேபிள் வீதிக்குச் செல்ல வேண்டும்.

வழியில் ஒரு சிறு பூங்கா. வைற்சப்பல் என்னும் பெயருக்குக் காரணமான வெண்ணிற ஆலயம் நின்ற இடம் அது. அதன் வாயிலிலே வங்காளப் பாணியும் ஐரோப்பியப் பாணியும் பின்னிப் பிணைந்த இரும்பு வளைவொன்று நிற்கின்றது. 1989இல் டேவிட் பீற்றர்சன் செய்தது. 1978 மே 4ஆம் திகதி, தையற் பட்டறையில் வேலை முடிந்து வீடு திரும்பிய அல்தாப் அலி என்னும் வங்காள இளைஞர் இப்பூங்காவின் அருகே இனவெறியரான மூன்று பதின்ம வயதினராற் குத்திக் கொல்லப்பட்டார். பத்து நாட்களின் பின் ஏறத்தாழ 7,000 பேர் சவப்பெட்டியின் பின்னால் பிரதமரின் வாசல் வரை நடந்தனர். 1998இல் பூங்கா அவர் பெயரைப் பெற்றது. மறு ஆண்டு அங்கே டாக்காவின் மொழிப் போர் நினைவுச் சின்னத்தின் சிறு வடிவம் எழுந்தது. தாய்மொழிக்காக 1952 பெப்ரவரி 21இல் உயிர் நீத்தோரின் சின்னம் அது. 1956ஐக் கண்ட நாட்டவராகிய நமக்கு அதன் முன் நின்று விளக்கம் கேட்க வேண்டியதில்லை. 1958 கலவரத்தின் பின் இலங்கையை விட்டுச் சென்ற அம்பலவாணர் சிவானந்தன், அதே ஆண்டு இலண்டனில் நொட்டிங் ஹில் இனக் கலவரத்தின் நடுவே போய் இறங்கினார். ஒரு வன்முறைக்குத் தப்பிச் சென்றவர் மற்றொன்றிற் சிக்கியது அவரது சிந்தனைக்கு வாழ்நாள் முழுவதும் உரமாயிற்று.

கேபிள் வீதியிலே, பழைய நகர மண்டபத்தின் பக்கச் சுவர் முழுவதையும் மூடி நிற்கின்றது ஓவியம். 1936 ஒக்ரோபர் 4ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. ஒஸ்வால்ட் மோஸ்லியின் கருஞ்சட்டையினர் சில ஆயிரம் பேர், யூதர் வாழும் தெருக்களினூடே அணிவகுத்துச் செல்ல விரும்பினர். ஒரு இலட்சம் மக்கள் கையொப்பமிட்டு, தடைசெய்யுமாறு உள்நாட்டமைச்சரை வேண்டினர். அமைச்சர் மறுத்தார். அவர் பெயர் சேர் ஜோன் சைமன். 1928இல் இந்தியா முழுவதும் கருங்கொடி காட்டித் 'திரும்பிப் போ' எனக் கூவிய அதே சைமன்! கருஞ்சட்டையினருக்கு வழிவிடவென ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பொலிசார் அனுப்பப்பட்டனர். மக்களோ இலட்சத்திற்கு மேல் எனப் பலரும் கணித்துள்ளனர். பெருஞ்சந்தியிலே வழி அடைபட்டதும் பொலிசார் கேபிள் வீதியால் வழி திறக்க முயன்றனர். அங்கே லொறியொன்று கவிழ்த்துப் போடப்பட்டு, தளபாடங்களும் கற்களும் குவிக்கப்பட்டு அரண் எழுந்திருந்தது. குதிரைகளின் குளம்படியிலே சிறுவரின் கண்ணாடிக் குண்டுகள் உருண்டன. மேல்மாடிப் பெண்கள் மலசலச் சட்டியைக் கவிழ்த்தனர். ஐரிஷ் துறைமுகத்தார் யூதருடன் தோளோடு தோள் நின்றனர். ஈற்றில் பொலிஸ் ஆணையாளர் மோஸ்லியைத் திருப்பி அனுப்பினார்.

1976இல் டேவ் பின்னிங்ரன் தொடங்கிய ஓவியம் இது. 1982இல் பாசிச வெறியர் சாயம் வீசிப் பாழாக்கினர். மனமுடைந்து அவர் விலகினார். போல் பட்லர், றே வோக்கர், டெஸ்மன்ட் றொச்போட் என்னும் மூவர் 1983இல் நிறைவு செய்தனர். மெக்சிக்கோச் சுவரோவியரின் வழி வந்தது என்பது பார்த்ததும் புலப்படும். சட்டமும் சட்டகமும் இன்றி, தெருவே வளைந்து சுழன்று நம் மேல் விழுவதுபோல, குதிரையும் தடியும் முட்டியும் பதாகையும் ஒன்றையொன்று முட்டுகின்றன. மூலையிலே உள்ளாடையுடன் ஹிட்லரின் சாயலில் ஒருவன் தடுமாறுகின்றான். நடைபாதை வட்டங்கள் கூசி விட்டதை இச்சுவர் கூசவில்லை. ஆகவேதான் வட்டங்களை எவரும் பகைத்துக்கொள்ளவில்லை. சுவரை மீண்டும் மீண்டும் தாக்கினர். 2011இல் பட்லரே வந்து அதனைப் புதுப்பித்தார்.

இதே வீதியின் மறுமுனையிலே, பெண்கள் வரலாற்று அருங்காட்சியகம் அமைப்பதாகக் கூறி அனுமதி பெற்ற கட்டடமொன்று, 2015இல் ஹான்பரி வீதிக் கொலைகாரனின் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. வாசலிலே எதிர்ப்பு ஆர்ப்பாட்டம் நடந்தது.

சுவரோவியம் ஒரு நாளைக் காட்டுகின்றது. அடுத்த ஞாயிற்றைக் காட்டவில்லை. ஒக்ரோபர் 11ஆம் திகதி மைல் என்ட் வீதியிலே யூதரின் கடைகள் நொருக்கப்பட்டன. அரசு இயற்றிய பொது ஒழுங்குச் சட்டம் அரசியற் சீருடையைத் தடை செய்தது மெய்யே. தொழிலாளர் ஊர்வலங்களைத் தடுக்கவும் அது கை கொடுத்தது. 1937 மார்ச்சில் நடந்த மாநகர சபைத் தேர்தலிலே, பெத்னல் கிறீனின் ஒரு தொகுதியில் மோஸ்லியின் கட்சி ஏறத்தாழ நூற்றுக்கு 23 வாக்குப் பெற்றது. ஆசனம் கிடைக்கவில்லை. எனினும் ஐந்து பேரில் ஒருவருக்கு மேல்!

அந்த வாக்காளர் யார்? ஈரச் சுவர்களுக்குள் வாடகை கட்ட முடியாது தவித்த ஏழைகளே. கொம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த பில் பிராற்றின் தமது நூலிலே ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றார். 1937இல் பராகன் மான்சன்ஸ் என்னும் தொடர்மாடியிலே இரண்டு குடும்பங்களை வாடகைப் பாக்கிக்காக வெளியேற்ற ஆணை வந்தது. இரண்டும் மோஸ்லியின் கட்சியினர். அக்கட்சி அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிராற்றினும் தோழர்களும் அயலாரைத் திரட்டிக் கதவை அடைத்து, ஆணையுடன் வந்தவர்மேல் மாவையும் தண்ணீரையும் கொட்டி விரட்டினர். இரு குடும்பத்தாரும் தம் கட்சி அட்டையைக் கிழித்தனர். அவ்வாண்டே பிராற்றின் ஸ்பிற்றல்பீல்ட்ஸ் பகுதியிலிருந்து ஸ்ரெப்னி நகரசபைக்குத் தெரிவானார். 1939இல் லாங்டேல் மான்சன்ஸ் வாசிகள் 21 வாரம் வாடகை மறுத்து வென்றனர். 1945இல் மைல் என்ட் மக்கள் பிராற்றினைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினர். அடைத்த அக்கதவுக்கும், கொட்டிய அந்த மாவுக்கும் நடைபாதையில் வட்டமோ சுவரில் ஓவியமோ எதையும் நாம் காணவில்லை.